அப்பா வைத்த பெயர்

கேள்வி: போர்ச்சுகலில் ஆண் குழந்தைக்கு 'பிரான்சிஸ்கோ' என்று பெயர் வைக்க ஏன் இத்தனை ஆசை?

பதில்: எல்லாம் ஒரு துணி வியாபாரியின் வேலை! அசிசி நகரில் மனைவி பெற்ற பிள்ளைக்கு ஜியோவானி என்றுதான் முதலில் பெயர். பிரான்ஸில் வியாபாரம் முடித்துத் திரும்பிய அப்பா, 'பிரெஞ்சுக்காரன்' என்று பொருள்படும் பிரான்செஸ்கோவாக அதை மாற்றிவிட்டார் என்பது வழிவழியாக வரும் கதை. அப்பா சேர்த்த சொத்தை உதறிய மகன், அப்பா வைத்த பெயரை மட்டும் உதறவில்லை. 1228-ல் புனிதரானார். போர்ச்சுகல் மன்னர் அனுப்பி, 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாருக்கும் அதே பெயர். போர்ச்சுகலுக்கோ சொந்தப் பிள்ளையே உண்டு: பாத்திமாவில் மாதா காட்சி கண்ட மூவரில் ஒருவனான பிரான்சிஸ்கோ, பத்து வயதில் 1919-ல் இறந்த இடையச் சிறுவன். 2017-ல் அவனுக்குப் புனிதர் பட்டம். 2020-ல் அந்நாட்டு ஆண் குழந்தைப் பெயர்களில் பிரான்சிஸ்கோவுக்கே முதலிடம். பட்டம் கொடுத்த போப்பாண்டவர் பெயர்? போர்ச்சுகீசியர் வாயில் அவரும் பிரான்சிஸ்கோதான்!