எப்போதும் ஏழு

பிஹெச் சென்சாரைக் குழாயில் எங்கே பொருத்துவது என்று மண்டையைக் குடைந்துகொள்ளும் பொறியாளர்கள், எங்கள் ஆலையின் கழிவுநீர் நிலையத்தை ஒருமுறை வந்து தரிசிக்க வேண்டும். கையேடு ஆயிரம் சொல்லும். குழாய் நிரம்பி ஓடும் இடம் வேண்டுமாம். அமிலம் விழும் முனையை ஒட்டி வைக்கக் கூடாதாம். கண்ணாடிக் குமிழ் கீழ்நோக்கி, 15 டிகிரியாவது சாய்ந்து நிற்க வேண்டுமாம். எழுதியவர் சித்திரை வெயிலில் ஏணி ஏறியிருக்க மாட்டார்.

நாங்கள் தேர்ந்த இடம் குழாயின் உச்சி, மேலாளர் ஜன்னலுக்கு நேர் எதிரே. நல்ல நிழல். அங்கே தங்குவது பெரும்பாலும் காற்றுதான். காற்றில் அழுக்கு ஏது? துடைக்கும் வேலை மிச்சம். ஆய்வுக்கு வருபவரும் நாற்காலியில் இருந்தபடியே பார்த்துக் கையெழுத்திடலாம்.

பலன் கைமேல். விதி 5.5 முதல் 9 வரை அனுமதிக்கிறது. எங்கள் திரையில் ஆறு மாதமாக 7.00. அமிலத் தொட்டி வழிந்த அன்றும் 7.00. பம்பு நின்ற அன்றும் 7.00.

போன வாரம் ஒரு பயிற்சி மாணவன் ஆர்வக்கோளாறில் சென்சாரைக் கழற்றினான். கண்ணாடிக் குமிழ் உடைந்து கிடந்தது. உடைந்தால் மில்லிவோல்ட் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். மீட்டரின் பாஷையில் பூஜ்யம் என்றால் ஏழு.

மாணவனை ஸ்டோர்ஸுக்கு மாற்றிவிட்டோம். சென்சார் அதே இடத்தில் இருக்கிறது.