விடுப்பில் இருக்கும் தண்ணீர்: காட்டுப்பள்ளித் தம்பதியரின் ஞாயிற்றுக்கிழமை குறித்த ஓர் ஆய்வு

காட்டுப்பள்ளியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், தெற்கே கொசஸ்தலையாறு கடலைச் சேரும் எண்ணூர் முகத்துவாரம், வடக்கே போய்க்கொண்டே இருந்தால் பழவேற்காடு. இப்படி நாலாபுறமும் ஈரம் சூழ்ந்த மணல்திட்டில் ஆறு நாள் வேலை பார்ப்பவர், ஏழாம் நாள் மனைவியை பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார், தண்ணீர் பார்க்க. இந்த விந்தையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இது பற்றி முன்னோடி ஆய்வுகள் இல்லை. காரணம் துறையின் அலட்சியமா, அப்படியொரு துறையே இல்லாததா என்பது தனி விவாதம்.

முதலில் வெளிநாட்டு ஒப்பீடு. அது இல்லாத ஆய்வை யாரும் மதிப்பதில்லை. குரோஷியாவில் பிளிட்விட்சே என்றொரு தேசியப் பூங்கா இருக்கிறது. 1949இல் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 16 ஏரிகள் படிப்படியாக அமைந்து, ஒன்று வழிந்து அடுத்ததில் அருவியாக விழுகின்றன. மரப்பலகைப் பாதையில் கைகோத்து நடக்கும் ஜோடிக்கு ஏரியும் அருவியும் ஒரே டிக்கெட்டில் முடிந்துவிடும். ஆகவே அங்கே ‘எங்கே போகலாம்’ என்ற தகராறு வாசலிலேயே தீர்ந்துவிடுகிறது. நம் வட்டாரத்தில் இயற்கை அவ்வளவு இணக்கமாக நடந்துகொள்ளவில்லை. ஏரி கடலோரத்தில், பழவேற்காட்டில் கிடக்கிறது. அருவியோ மாநில எல்லை தாண்டி, தடாவிலிருந்து மேற்கே வரதய்யபாளையம் பக்கம் போய், உப்பலமடுகு காட்டுக்குள் விழுகிறது. இடையில் கொல்கத்தா நெடுஞ்சாலையும் அதன் லாரிகளும். ஒரே ஞாயிற்றில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று திட்டமிடும் தம்பதியர் பெரும்பாலும் அந்த லாரிகளைத்தான் பார்க்கிறார்கள்.

இனி ஆய்வின் கருதுகோள்: காட்டுப்பள்ளியில் தண்ணீர் எல்லாமே வேலையில் இருக்கிறது. கடல் கன்டெய்னர் கப்பல்களைச் சுமக்கிறது. எல் அண்ட் டி கட்டிய துறைமுகம் 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு மாறியபோதும் கடலுக்கு வேலை மாறவில்லை. அதே கடலை இன்னொரு குழாய் உறிஞ்சுகிறது. 2010இல் இங்கே இயங்கத் தொடங்கிய மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனோடு கட்டப்பட்டது. பக்கத்தில் உள்ள அனல்மின் நிலையங்களுக்கும் நீர் வேண்டும், குளிர்விக்க. இருப்பதிலேயே பரிதாபம் பக்கிங்காம் கால்வாய். 1806இல் காக்ரேன் கால்வாயாகத் தொடங்கி, உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து ஓய்ந்தது. ஓய்வு பெற்ற பின்னும் அதை வீட்டில் இருக்கவிடவில்லை, மின்நிலையம் கழிக்கும் வெந்நீருக்கு வழியாக்கிவிட்டார்கள்.

வாரம் முழுக்க வேலையில் இருக்கும் மனிதருக்கு, வேலையில் இருக்கும் தண்ணீரைப் பார்த்தால் ஷிப்ட்தான் நினைவுக்கு வரும். அவர் தேடிப்போவது விடுப்பில் இருக்கும் தண்ணீரை. இந்த அளவுகோலின்படி பூண்டி நீர்த்தேக்கம் ஆய்விலிருந்து விலக்கப்பட்டது. அது 1944 முதல் சென்னைக் குழாய்களுக்கு உழைத்துவருகிறது.

பழவேற்காடு தேறுமா? சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, பெரும்பகுதி ஆந்திரத்தில். மேலோட்டமாகப் பார்த்தால் சும்மா படுத்திருப்பதுபோலத்தான் தெரியும். டச்சுக்காரர்களும் அப்படி நினைத்தே 1613இல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டி, துணி ஏற்றுமதியை நடத்தினார்கள். கோட்டை போய்விட்டது, கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் காப்பில் இருக்கிறது. அதன் வாயிலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு, இடமும் வலமுமாக. புதுமணத் தம்பதியர் அந்த இரண்டுக்கும் நடுவே நின்றுதான் முதல் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கல்யாண ஆல்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் மாவட்டத்திலேயே பல உண்டு என்பது ஆய்வாளரின் சொந்தக் கருத்து. ஆனால் யாரும் கேட்கவில்லை.

அடுத்து பூநாரைகள். ஜோடிப் பறவை என்ற பெயர் அவற்றுக்கு எப்படியோ வந்துவிட்டது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை தம்பதியர் ஏரிக்கரையில் நின்று, “பாருங்க, ரெண்டு ரெண்டா எப்படி நிக்குது!” என்று உருகுவதற்கு அதுவே காரணம். உண்மை நிலவரம் வேறு. பூநாரை ஜோடி சேர்ந்து கூடு கட்டுவது கட்ச் பாலைவனச் சதுப்பில்தான். ஒரே ஒரு முட்டை, இருவரும் மாறி மாறி அடைகாப்பு, குஞ்சுக்கு இருவருமே பாலூட்டல் என்று குடும்பப் பொறுப்பு முழுவதையும் அங்கேயே முடித்துவிடுகின்றன. பழவேற்காட்டில் அவை கூடு கட்டுவதில்லை. சராசரியாக ஒரு மீட்டர் ஆழமே உள்ள இந்த ஏரியில் தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை வடிகட்டி, நுண்ணிய இறாலினங்களையும் பாசியையும் தின்னத்தான் வருகின்றன. அந்த இளஞ்சிவப்புகூடத் தீனியிலிருந்து ஏறிய நிறமே.

ஆகவே ஆய்வின் முதல் முடிவு: பூநாரைகளும் தம்பதியரும் பழவேற்காட்டுக்கு வரும் நோக்கம் ஒன்றுதான், இறால். மனிதர்கள் கூடுதலாக நண்டும் சாப்பிடுகிறார்கள். ஏரியைப் பார்க்கச் செலவாகும் நேரத்தையும், நண்டின் காலை உடைத்து உறிஞ்சச் செலவாகும் நேரத்தையும் ஒப்பிட்டவர்களுக்கு இதில் சந்தேகம் வராது.

படகைப் பற்றி மட்டும் ஆய்வாளர் வேடிக்கை பேச விரும்பவில்லை. 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு உல்லாசச் சவாரிக்குத் தடை வந்தது. கரையில் நின்றே பார்க்கலாம்.

அருவிக்கு வருவோம். உப்பலமடுகு நீர் குழாயில் ஏறுவதில்லை, டர்பைன் சுற்றுவதில்லை. பாறையில் விழுந்து, குளமாகத் தேங்கி, மெதுவாக இறங்குகிறது. விடுப்பின் இலக்கணம் இதுதான். சிக்கல் நாள்காட்டியில். வடகிழக்குப் பருவமழை பிடித்த பிறகுதான் அருவியில் வரத்து. மழை வலுத்தாலோ வனத்துறை வழியை மூடிவிடும், மூடுவதில் நியாயமும் உண்டு. கோடையில் வழி திறந்திருக்கும், பாறை காய்ந்திருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட சில வாரங்களில் சென்னையே அங்கே நிற்கும். கல்லும் காடும் கடந்து நடக்க வேண்டிய வழி வேறு. திருமணமாகிச் சில மாதமே ஆனவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஏறுகிறார்கள். சில வருடம் ஆனவர்களில் ஒருவர் முன்னே போய்விடுகிறார். மற்றவர் சாப்பாட்டுப் பையோடு, “ஏங்க, கொஞ்சம் நில்லுங்க” என்று பின்னால் வருகிறார்.

சூளூர்பேட்டை வழியை நடுநிலைத் தீர்வு எனலாம். புறநகர் ரயில் அதுவரை போகிறது. அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியின் நடுவே செல்வதால் பறவைகள் சாலைக்கு அருகிலேயே தெரியும். கூடு கட்டும் பறவைகளைத்தான் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பவர் இருந்தால், கூழைக்கடாக்கள் குடும்பம் நடத்தும் நேலப்பட்டும் அந்தப் பக்கம்தான். ஆனால் நண்டு? அங்கேதான் இந்தத் தீர்வு உடைந்துபோகிறது.

எஞ்சியிருப்பது, ஏரியா அருவியா என்பதை யார் முடிவு செய்வது என்ற கேள்வி. இதற்கு ஏரிக்காரர்களே வழி வைத்திருக்கிறார்கள். பழவேற்காட்டு மீனவர்களிடம் பாடு என்றொரு முறை உண்டு. எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். நல்ல இடம் ஒருவர் கையிலேயே தங்காமல் முறைவைத்துச் சுற்றி வரும். (ஏரித் தண்ணீரும் சும்மா இல்லை என்பது இங்கே அம்பலமாகிறது. கருதுகோளைக் காப்பாற்ற இந்த உண்மை அடைப்புக்குறிக்குள் வைக்கப்படுகிறது.) இதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஒரு ஞாயிறு அவர் பாடு, அடுத்த ஞாயிறு இவர் பாடு. மாமியாருக்குத் தனிப் பாடு உண்டா, மச்சினர் உடன் வந்தால் அது யார் கணக்கு என்பவை மேலாய்வுக்கு உரியவை. சம்பளத்துக்கு முந்தைய ஞாயிறு யார் பாடும் அல்ல. அன்று பெட்ரோல் இருக்கும் வரை, அதாவது மீஞ்சூர் கடைத்தெரு வரை போய், ஒரு டீயை இரண்டாகப் பகிர்ந்து குடித்துவிட்டுத் திரும்பலாம்.