கூரையில்லாத காரும் வளையத் தெரியாத பைப்பும்

நம் கார் போகிற சத்தத்தைக் கேட்டு ஊர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை ஐம்பது வயதுக்கு மேல் வந்தால் அதற்கு மருந்து கிடையாது. எனக்கு வந்தது. சிவகிரி வழியாக ராஜபாளையத்துக்கும் தென்காசிக்கும் ஓடுகிற லாரிகள் போடும் சத்தத்துக்கு நடுவே என் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு போவது கௌரவக் குறைச்சலாகப் பட்டது.

கார் நல்ல வம்சம். 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டாக வந்து, 1961 முதல் சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தயாரிப்பாக நம் சாலைகளில் ஓடியது. உருவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. கூரையை போல்ட் போட்டுத்தான் மாட்டியிருப்பார்கள். கழற்றினால் திறந்த கார். என் கைக்கு வரும் முன்பே யாரோ கழற்றிவிட்டார்கள்.

கூரை போன கார் ஏன் மடங்கிவிடாது என்று நான் டீக்கடையில் வகுப்பே எடுத்திருக்கிறேன். தீப்பெட்டியின் உள்பெட்டியை மட்டும் எடுத்து முறுக்கினால் நெளிந்துவிடும். மேலுறைக்குள் தள்ளிவிட்டு முறுக்கினால் அசையாது. இன்றைய கார்களில் கூரைதான் அந்த மேலுறை. அதை எடுத்துவிட்டால் அடியில் குறுக்குச் சட்டங்கள் வைத்துப் பலம் சேர்க்க வேண்டும், சைலன்சர் அவற்றுக்கு நடுவே வழி தேட வேண்டும். ஹெரால்டுக்கோ தனி சேசிஸ். நடுவில் இரண்டு நீளச் சட்டங்கள். அவற்றிலிருந்து இருபுறமும் கைகள் நீண்டு ஓரச் சட்டங்களைத் தாங்கும். காரின் பலமெல்லாம் கீழேயே இருக்கிறது. இதை ஊருக்கெல்லாம் விளக்கியவன், சத்தத்துக்காக மாட்டவிருந்த புது சைலன்சர் பைப்புக்குச் சாக்பீஸால் தரையில் படம் போட்டபோது அந்தக் கைகள் இருப்பதையே மறந்துபோனேன்.

வெல்டிங் பட்டறைத் தம்பி படத்தைப் பார்த்தார், காருக்கு அடியில் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அண்ணாச்சி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்றார். தென்காசிப் பக்கத்தில் இதைவிடக் கடுமையான எச்சரிக்கை கிடையாது. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் பைப்பைக் கைகளுக்குக் கீழே கொண்டுபோனோம். வாசுதேவநல்லூர் போகும் வழியில் முதல் வேகத்தடையிலேயே பைப் தார் ரோட்டை உழுதது. சேசிஸ் கையில் பாதி வட்டம் வெட்டிவிட்டால் பைப் மேலே ஏறிவிடுமே என்றேன். “பைப்பு வேற வாங்கலாம் அண்ணாச்சி, சேசிஸ் எங்க வாங்குவீக?” என்றார் தம்பி. ஏற்கெனவே சேறும் ஈரமும் தேங்கித் துரு பிடிக்கிற இடம் அது. அதை வெட்டச் சொன்ன அன்று மாலையும் நான் டீக்கடையில் சேசிஸின் பெருமையைத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

அடுத்து வளைவுகள் வைத்துக் கைகளைச் சுற்றிக்கொண்டு, பின் ஆக்ஸிலுக்கு மேலே ஏற்றினோம். ஜாக்கியில் நின்ற காருக்குப் பைப் அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. போட்டோ எடுத்து உறவுக்காரர்களுக்கு அனுப்பினேன். ஜாக்கியை இறக்கியதும் ‘டங்’. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஊசலாடுபவை. சேசிஸைத் தூக்கினால் தொங்கி உள்பக்கம் சாயும், இறக்கினால் மேலேறும். தொங்குகிற ஆக்ஸிலுக்கு மேலே இருந்த இடத்தை அளந்துவிட்டு, ஓடுகிற காருக்குப் பைப் செய்திருந்தேன்.

அதையும் திருத்தினோம். காலையில் சத்தமில்லாமல் கிளம்பிய கார் புளியங்குடி வருவதற்குள் சேசிஸைத் தட்ட ஆரம்பித்தது. ஒரு மீட்டர் இரும்புப் பைப் 100 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். இன்ஜினிலிருந்து வால் வரை சுமார் மூன்று மீட்டர். சூடு 300 டிகிரி கூடினால் ஒரு சென்டிமீட்டர். போதாததற்கு, இன்ஜினும் ரப்பர் மவுண்டில் ஆடி பைப்பையும் சேர்த்து ஆட்டும். நான் விட்டிருந்த இடைவெளியில் ஒரு தீக்குச்சி நுழைந்திருக்கும். பைப்பை அசையாமல் பிடிக்க இரும்புக் கிளாம்ப் போடச் சொன்னவனும் நான்தான். நீள இடமில்லாத பைப் பட்டறைத் தம்பி வைத்த வெல்டிங்கைப் பிளந்துகொண்டது. பழியைக் கொஞ்ச நேரம் அவர்மீது போட்டுப் பார்த்தேன், அதுவும் நிற்கவில்லை.

வெறுத்துப்போய்ப் பைப்பைக் குட்டையாக்கி, இடப்பக்கக் கதவுக்கு அடியிலேயே முடித்துவிட்டேன். சத்தம் பிரமாதம். ஆனால் திறந்த காரில் முன்கண்ணாடிக்குப் பின்னால் காற்று சுழன்று, பக்கத்திலிருக்கும் புகையை உள்ளே இழுக்கும். இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் என் மனைவி. “நீங்க வாங்க. நான் பஸ்ஸுல வாரேன்” என்று இறங்கிக்கொண்டார். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் அவர் கட்சிதான்: புகை கீழேயும் போகக் கூடாது, இடப்பக்கமும் போகக் கூடாது.

கடைசியில் தம்பி என்னை டீ குடிக்க அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்தார். பழைய பைப் போன வழியிலேயே புதுப் பைப், தொங்கவிட ரப்பர், இன்ஜின் பக்கம் வளைந்து கொடுக்கிற ஒரு துண்டு, பம்பரைத் தாண்டி நீளும் வால், நடுவில் பெரிய சைலன்சர். எங்கேயும் இடிப்பதில்லை. இப்போது இன்ஜின் ஓடுவது எனக்கே கேட்காமல், ஓடுகிற காருக்கு மறுபடியும் சாவியைத் திருப்பிவிடுகிறேன். ஸ்டார்ட்டர் பல் கடிக்கிற அந்தச் சத்தத்துக்குத்தான் தெருவே திரும்பிப் பார்க்கிறது.