செலரிக்குச் சொந்தம் தேடுவது எப்படி?

திருகோணமலைப் பக்கத்துக் கப்பல்துறையில் செலரி சமைக்க ஆசைப்படுகிறவர் முதலில் செய்ய வேண்டியது, அந்த ஆசையை வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் இருப்பது. "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்டால் "மரக்கறி" என்று மட்டும் சொல்லுங்கள். அதில் பொய் இல்லை. என்ன மரக்கறி என்று மேலும் துருவினால் உடனே திருவலையில் குந்தித் தேங்காய் திருவத் தொடங்கிவிடுங்கள். தேங்காய் திருவுகிற ஆம்பிளையை யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. பார்க்கக் கிடைத்ததே பெரிய காரியம் என்று பேசாமல் போய்விடுவார்கள்.

அடுத்தது கொள்முதல். ஊரின் பெயரில் கப்பலும் துறையும் இருப்பதால், செலரியும் கப்பலில் வந்து இறங்கும் என்று வெளியூர்க்காரர் நினைக்கக் கூடும். கப்பலில் எங்களுக்கு வருவது கோதுமை; அதைச் சீனக்குடாவில் 1980 முதல் பிறீமா ஆலை மாவாக்கிக்கொண்டிருக்கிறது. செலரி வருவது கண்டி வீதியால். கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில், நுவரெலியாக் குளிரில் சொகுசாக வளர்ந்து, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் கைமாறி, ஹபரணை, கந்தளாய் எல்லாம் தாண்டி, ஒலிபெருக்கி கட்டிய 'பட்டா' வாகனத்தில் எங்கள் படலைக்கு வந்து சேரும்போது அதன் முகம், இரவு பஸ்ஸில் இருக்கை கிடைக்காமல் நின்றுகொண்டு வந்தவரின் முகம் மாதிரி இருக்கும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். வாங்கிக்கொண்டு வந்து, அடித்தண்டில் ஒரு விரற்கடை வெட்டி எறிந்துவிட்டு, குளிர்ந்த தண்ணீர்ச் செம்பில் நட்டமாக ஒரு மணித்தியாலம் நிறுத்திவையுங்கள். செலரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான். பயணத்தில் இழந்ததைக் குடித்துவிட்டுத் தானாகவே நிமிர்ந்துவிடும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தண்ணீருக்குள் இரண்டு ஐஸ் கட்டியும் போடுங்கள். நாங்களே அந்த மாதங்களில் அப்படித்தானே நிமிர்கிறோம்.

இந்தக் குளிர்நாட்டு மரக்கறிகளை மலைநாட்டில் பயிரிட்டுப் பார்த்த ஆங்கிலேயரில் சாமுவேல் பேக்கர் பெயர் பெற்றவர். 1848இல் நுவரெலியாவில் பண்ணை போட்டார். பிறகு ஆபிரிக்காவுக்குப் போய், நைல் நதியின் ஊற்றைத் தேடி அலைந்து, 1864இல் அல்பேர்ட் ஏரியைக் கண்டவரும் அதே மனிதர்தான். நைலின் ஊற்று தேடத்தக்கதுதான். ஆனால் அந்தப் பண்ணை மரக்கறியில் எங்கள் வீட்டு மாமிக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு கறி வைக்கும் வழியை அவர் தேடாமலே கப்பலேறிவிட்டார். மிச்ச வேலை எங்கள் தலையில்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. சந்தைச் செலரி இரண்டு வகை. ஒன்று மெல்லிய தண்டும் நிறைய இலையுமாகக் கட்டில் வருவது. மணம் மூக்கில் அடிக்கும். மற்றது சூப்பர் மார்க்கெட்டில் பொலித்தீன் சட்டை போட்டு நிற்கும் தடித்த தண்டு. மணம் அடக்கம், விலை அடங்காது. தண்டை வளைத்துப் பாருங்கள். 'டக்' என்று முறிந்தால் புதுசு. நாகரிகமாக வளைந்து கொடுத்தால் பழசு. விலை கேட்கும்போது வாகனத்தின் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2024 சனவரியில் ஒரு கிலோ கரட்டே இரண்டாயிரம் ரூபாயை எட்டிய நாடு இது. அந்த நாட்களில் எங்கள் தெருவில் கரட் வாங்கியவர்கள் அதைப் பையின் மேற்பக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்கள்.

எங்கள் வாகனக்கார நாநா கிண்ணியாவைச் சேர்ந்தவர். லீக்ஸைக் கிளறி, அடியில் கிடந்த கட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"நாநா, இது செலரிதானே?"

"ஓம் தம்பி. ஹோட்டல்காரருக்குக் கொண்டு போறது. உங்களுக்கு எதுக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருங்கள். என்னிடம் இருக்கவில்லை. "சூப்புக்கு" என்று உளறினேன். "வீட்டில ஆருக்கும் சுகமில்லையா?" என்று அவர் உண்மையான கவலையோடு கேட்டார்.

வீட்டுக்குக் கொண்டு வந்தபின் என்ன செய்யக்கூடாது என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். வெளிநாட்டுக் காணொளி ஒன்றைப் பார்த்து, பச்சைத் தண்டைக் கைநீளத்துக்கு நறுக்கி, பள்ளத்தில் கச்சான் விழுதைத் தடவி, மேலே முந்திரிகை வத்தலை வரிசையாக அடுக்கி, பீங்கானில் வைத்து மாமிக்கு நீட்டினேன். கட்டையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்க வேண்டுமாம். அதுதான் அதன் அழகாம். மாமி பீங்கானை வாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தா.

"தம்பி, பச்சைத் தண்டை ஆடு கடிக்கும். எறும்பு ஊர்ந்தா நாங்க அதை ஆட்டுக்கும் போடமாட்டம்."

பழைய கிரேக்கத்தில் நெமியா என்ற இடத்தில் நடந்த விளையாட்டுப் போட்டிகளில் வென்றவனுக்குக் காட்டுச் செலரியில் முடி சூட்டினார்கள் என்ற தகவலை அந்த நேரம் பார்த்து நான் எடுத்துவிட்டேன். "தலையில வைக்கிறதைத் தலையில வையுங்க" என்று பதில் வந்தது. வரலாற்றைக் கொண்டு கறியைக் காப்பாற்ற முயல வேண்டாம்.

எங்கள் வீடுகளில் முன்பின் தெரியாத ஒருவர் திண்ணையில் வந்து இருந்தால் முதற் கேள்வி "ஆர் பிள்ளை?" என்பது. இரண்டாவது "எந்தப் பக்கம்?" தம்பலகாமத்தில் பெரியம்மா ஒருத்தி இருக்கிறா, அவவின் கொழுந்தன் மூதூரில் படிப்பித்தவர் என்று நூல் பிடித்துக்கொண்டு போய் ஒரு முடிச்சு விழுந்துவிட்டால் தேத்தண்ணி வரும். விழாவிட்டால் தண்ணீர் மட்டும் வரும். செலரிக்கும் இதே நடைமுறைதான். அதற்குத் தேவை சமையற் குறிப்பு இல்லை, சொந்தம்.

நல்ல காலம், செலரி அநாதை இல்லை. தாவரவியலின்படி அதன் குடும்பம் மிகப் பெரியது. கூட்டிப் பார்த்தால் எங்கள் குசினித் தட்டு முழுக்க அதன் ஆட்கள். மல்லி அந்தக் குடும்பம். நற்சீரகம், பெருஞ்சீரகம் இரண்டும் அந்தக் குடும்பம். ரசத்துக்குப் போடுகிற பெருங்காயம், பிள்ளைக்கு வயிறு ஊதினால் அவிக்கிற ஓமம், கரட் எல்லாம் அதே கூட்டம். கறித்தூள் போத்தலுக்குள் பாதிப்பேர் செலரியின் ஒன்றுவிட்ட சகோதரங்கள். இத்தனை பேரையும் ஏற்றுக்கொண்ட சட்டி இவனை மட்டும் வாசலில் நிறுத்துவது நியாயமா என்று மாமியிடம் கேட்கலாம். நேரே கேட்க வேண்டாம். சுவரைப் பார்த்துக் கேளுங்கள்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். கொச்சிக்காய் இந்தக் குடும்பத்திலும் இல்லை, எங்கள் கண்டத்திலும் இல்லை. அமெரிக்கப் பக்கத்துப் பயிர். போர்த்துக்கேயரின் கப்பல்களோடு இந்தப் பக்கம் வந்தது. ஏதோ கொச்சியில் பிறந்த மாதிரி ஒரு பெயரை வைத்துக்கொண்டு இன்று அது இல்லாமல் ஒரு கறியும் இல்லை என்று ஆக்கிவிட்டது. எங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்காகப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வரிசையில் நின்று அடிபட்டார்கள். பிரித்தானியக் கடற்படை 1957இல்தான் முழுதாகப் போனது. கடல்வழி வந்த மிளகாயையும் தக்காளியையும் பாணையும் ஒரு கேள்வியும் இல்லாமல் தின்கிற நாங்கள், உள்நாட்டு நுவரெலியாவில் விளைந்ததைப் பார்த்து "இது எங்கட சாமான் இல்லை" என்கிறோம்.

சரி, அடுப்புக்குப் போவோம்.

அறிமுகத்துக்கு உகந்தது சுண்டல். தமிழ்நாட்டு உறவினர் கடலையை நினைத்துக்கொண்டு வந்துவிடப் போகிறார்கள். இங்கே சுண்டல் என்றால் இலையும் தேங்காய்ப்பூவும். மெல்லிய தண்டுச் செலரி ஒரு கட்டு. இலையை வேறாக, தண்டை வேறாக, முருங்கையிலை அளவுக்குப் பொடியாக அரியுங்கள். எப்போதும் தண்டுக்குக் குறுக்காகத்தான் கத்தி போக வேண்டும். நெடுக்காக அரிந்தால் நார் நீளமாக நின்று பல்லிடுக்கில் புகுந்து, சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் ஈர்க்குத் தேடுவார்கள். தாச்சியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய், கடுகு, சின்ன வெங்காயம், இரண்டு பச்சைக் கொச்சிக்காய், கறிவேப்பிலை. வெங்காயம் வாடியதும் தண்டைப் போட்டு இரண்டு நிமிடம் பிரட்டுங்கள். பிறகு இலை, ஒரு கைப்பிடித் தேங்காய்ப்பூ, மஞ்சள் ஒரு சிட்டிகை. இன்னும் ஒரு நிமிடம், அவ்வளவுதான். மூட வேண்டாம், மூடினால் பச்சை போய்ப் பழுப்பாகி, பார்ப்பவர் "நேற்றையதா?" என்பார். உப்பைக் கடைசியில் போடுங்கள், வழக்கத்தில் பாதி. செலரிக்குள் இயற்கையாகவே கொஞ்சம் உப்புச் சத்து இருக்கிறது. முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டுச் சுண்டல் சொதியாகிவிடும். இறக்கியபின் தேசிக்காய்ப் புளி.

முதல் தடவை முழுச் செலரியில் செய்ய வேண்டாம். முக்கால் பங்கு கோவா, கால் பங்கு செலரி. அடுத்த கிழமை பாதிக்குப் பாதி. தண்ணீர் கலக்கிற பால்காரரின் பொறுமை வேண்டும்.

தடித்த தண்டு கிடைத்தால் உருளைக்கிழங்கோடு பால்கறி. வெளிப்பக்க நாரை, பயற்றங்காய்க்கு உரிக்கிற மாதிரி இழுத்து எறிந்துவிடுங்கள். கிழங்கை இரண்டாம் பாலில் வெந்தயம், ரம்பை, வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், மஞ்சளோடு அவியவிட்டு, முக்காற்பதம் வந்தபின் செலரியைப் போடுங்கள். அதற்கு நாலைந்து நிமிடம் காணும். சோற்றோடு வாயில் போனால் மெல்லிய 'நறுக்' கேட்க வேண்டும். கிழங்கோடு சேர்த்தே போட்டால் கேட்காது, நார் மட்டும் தட்டுப்படும். முதற்பால் விட்டபின் கொதிக்க விடாமல் அகப்பையால் துழாவி இறக்குங்கள். வெள்ளிக்கிழமைக்கு இது உகந்தது. மற்ற நாட்களில் கொஞ்சம் மாசி இடித்துப் போட்டால், செலரியைக் கண்டுபிடிக்கும் வேலையை யாரும் செய்யமாட்டார்கள்.

மணம் வரும். அதைத் தடுக்க முடியாது. பால்கறி கொதித்தபோது மாமி முற்றத்திலிருந்தே, "என்ன, பிரைட் ரைஸ் மணக்குது?" என்று கேட்டா. இது கெட்ட செய்தி இல்லை. கடைப் பிரைட் ரைஸில் ஊர் முழுக்கப் பலகாலமாகச் செலரி தின்றுகொண்டுதான் இருக்கிறது, பெயர்தான் தெரியாது. பேரப்பிள்ளைகள் அன்று கேட்காமலே கோப்பையோடு வந்து இருந்தார்கள். சோறு வெள்ளையாக இருந்ததைக் கண்டு அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

மருந்துக் கதைகளோடும் யாராவது வருவார்கள். செலரிச் சாற்றை வெறும் வயிற்றில் குடித்தால் பிரஷர் பறந்துவிடும், கொழுப்புக் கரைந்துவிடும் என்று கைபேசியில் வருகிற எல்லாவற்றையும் வாசித்துக் காட்டுவார்கள். நூறு கிராமில் பதினாறு கலோரி அளவுதான், உண்மை. ஆனால் மேலே அரைத் தேங்காய்ப் பால் விட்டபின் அந்தக் கணக்கைக் கிழித்துவிடுங்கள். பிரஷர்க் குளிசையை நிறுத்த வேண்டாம். சிலருக்குச் செலரி ஒவ்வாது. ஐரோப்பாவில் உணவுப் பொருளில் செலரி இருந்தால் கட்டாயம் எழுதிக் காட்ட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வாய் கடித்தாலோ உதடு வீங்கினாலோ விட்டுவிடுங்கள், பிடிவாதம் கூடாது.

கடைசியாகச் சம்பல். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. மிஞ்சிய செலரியிலையைக் கையில் வைத்துக்கொண்டு, வாய்க்கால் ஓரத்தில் சும்மா படருகிற வல்லாரையும் இதே குடும்பம்தான் என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"வல்லாரைக்கு என்ன முறை?"

"மச்சான் முறை எண்டு வையுங்களன், மாமி."

"உதை முதலே சொல்லியிருக்கலாம்தானே, தம்பி."

எழும்பி வந்து என் கையிலிருந்ததைப் பறித்து, மூன்று தண்ணீரில் அலசினா. வாய்க்கால் வல்லாரையை அப்படித்தான் அலச வேண்டும், பழக்கம் விடவில்லை. நூல் மாதிரி அரிந்து, வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், தேங்காய்ப்பூ, உப்பு, தேசிக்காய்ப் புளி எல்லாம் விட்டுக் கையாலேயே பிசைந்தா. அடுப்புப் பக்கமே போகவில்லை. பச்சைத் தண்டை ஆடுதான் கடிக்கும் என்று சொன்ன அதே மாமி. நான் ஞாபகப்படுத்தவில்லை, நீங்களும் ஞாபகப்படுத்தாதீர்கள்.

வந்த சனிக்கிழமை ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டு நான் சட்டையைத் தேடி மாட்டுவதற்குள் மாமி படலையில் நின்றா.

"தம்பி, வல்லாரைட மச்சான் இருக்கா?"

நாநா விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் கையால் நீளம் காட்டினேன்.

"அதா? இண்டைக்கு வரல்லம்மா. தம்புள்ளையில விலை ஏறிட்டு. லீக்ஸ் இருக்கு."

மாமி லீக்ஸைத் தூக்கி மணந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தா. "இதுக்கு என்ன முறை?" என்று என்னைக் கேட்டா. வெங்காயத்தின் வழி என்றேன்.

"அது வீட்டில கிடக்கு. வல்லாரையில ரெண்டு கட்டுத் தாங்க."