பைல் மேசையில் இல்லை, மாத்தையா லீவு

"பைல் மேசையில் இல்லை. மாத்தையா லீவு. அடுத்த புதன்கிழமை வாங்க." கண்டிப் பக்கத்தில் ராச்சியம் நடப்பது இந்த மூன்று வசனங்களால்தான். தெல்தோட்டையில் இருந்து நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தவனுக்கு நான்காவதாக ஒன்று சொல்வார்கள்: "உங்ககிட்ட போட்டோகொப்பி இருக்கா?" தொலைப்பது அரசாங்கத்தின் உரிமை, நகல் வைத்திருப்பது பிரஜையின் கடமை.

2004 ஏப்ரல் முதலாம் திகதி ஜிமெயில் வந்தது. ஹொட்மெயில் 2 மெகாபைட் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இது 1 கிகாபைட் தருகிறேன் என்றது. முட்டாள்கள் தினப் பகிடி என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் சனம் அதைப் பிடித்துக்கொண்டது இடத்துக்காக மட்டும் அல்ல. எதையும் அழிக்க வேண்டாம், பிரித்து அடுக்கவும் வேண்டாம், எல்லாவற்றையும் போட்டு வை, வேண்டியபோது ஒரு சொல்லைத் தட்டு என்றது அது. அனுப்பியவர் பெயரோ, ஏறக்குறைய எந்த மாதம் என்பதோ ஞாபகம் இருந்தால் போதும். கேள்வி, பதில், பதிலுக்குப் பதில் எல்லாம் ஒரே கோர்வையாக வந்து நிற்கும். டோஹாவில் இருக்கும் மகனுக்கு என்றோ அனுப்பிய பிறப்புச் சான்றிதழ் ஸ்கேன், புசல்லாவையில் தேநீர் ஆறுவதற்குள் கிடைத்துவிடும். அதில் லீவு போட மாத்தையா இல்லை. அதுதான் அதன் அருமை.

அதுவேதான் கந்தோருக்கு ஆகாது. அங்கே ஒரு ஈமெயில் வந்தால் நடக்கும் சடங்கைப் பாருங்கள். கிளாக்கர் திறப்பார், பிரிண்ட் எடுப்பார், "கிடைத்தது" என்று சீல் அடிப்பார், தபால் புத்தகத்தில் இலக்கம் போடுவார், ஓரத்தில் துளையிட்டுப் பைலில் கோர்த்து அலுமாரிக்குள் தள்ளுவார். மனிதன் நொடியில் தேடக்கூடிய ஒன்றை, கரப்பான் மட்டும் தேடக்கூடிய ஒன்றாக மாற்றும் தொழில்நுட்பம் இது. இதற்கு வருடா வருடம் பயிற்சிப் பட்டறை, மதியச் சாப்பாட்டுடன்.

தமிழில் பதில் வந்தால் (வந்தால்!) கதை இன்னும் விசேஷம். பல இடங்களில் இன்னும் பாமினி எழுத்துருதான். பார்வைக்குத் தமிழ், கணினிக்கோ அது வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். யூனிகோட்டில் உங்கள் பெயரைத் தட்டினால், அந்தக் கடிதத்துக்கு உங்களைத் தெரியவே தெரியாது. அதுவும் எந்தப் பெயர்? தோட்டத்தில் யாரோ காதில் விழுந்தபடி எழுதிய பெயர் பிறப்புச் சான்றிதழில். சிங்களம் வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்த பெயர் அடையாள அட்டையில். ஊழியர் சேமலாப நிதிக் கணக்கில் மூன்றாவது ஆள். 1987-இல் 13-ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. தேடினால் கிடைக்காத தமிழாக இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் எழுதவில்லை. இவர்களாகவே சேர்த்துக்கொண்டார்கள்.

சரி, சின்னக் கந்தோர், பழைய கணினி, பாவம் என்று விடலாம். தலைமைப்பீடம் என்ன செய்தது? 2023-இல் அரசின் ஈமெயில் சேவைக்குள், கோப்புகளைப் பூட்டிவைத்துக் காசு கேட்கும் ரான்சம்வேர் புகுந்தது. சுமார் 5,000 முகவரிகள். அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்கள் மீட்க முடியாமல் போயின. ஓடிக்கொண்டிருந்தது 2013-ஆம் ஆண்டு மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச், புதுப்பிக்கக் காசில்லையாம். வலையமைப்புக்கு வெளியே எடுத்துவைத்த பிரதியும் அந்த மாதங்களுக்கு இல்லை. போட்டோகொப்பி இருக்கா, மாத்தையா?

அவை என்ன மாதங்கள் தெரியுமா? ஜூலை முதலாம் திகதி, ஒரு சனிக்கிழமை, பாராளுமன்றத்தைக் கூட்டி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை நிறைவேற்றிய மாதங்கள். அந்தக் கணக்கில் ஊழியர் சேமலாப நிதியைத்தான் முன்னே தள்ளினார்கள். கொழுந்து கொய்து, அட்டை கடி வாங்கி, நாற்பது வருஷம் சேர்த்தவர்களின் காசும் அதற்குள் இருக்கிறது. அப்போது யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்று இன்று கேட்டால், கள்ளன் கொண்டுபோய்விட்டான் என்று சொல்லச் சட்டபூர்வமான கள்ளன் ஒருவனும் கிடைத்துவிட்டான்.

சட்டத்துக்குக் குறைவில்லை. 2016-இன் தகவலறியும் உரிமைச் சட்டம் புதிய பதிவேடுகளை 12 வருடமாவது பாதுகாக்கச் சொல்கிறது. விண்ணப்பத்துக்கு 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவும் சொல்கிறது. அதே 12 வருடச் சட்டம் நடப்பில் இருக்கும்போதுதான் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட மடல்கள் காற்றில் போயின. இதற்காக யாராவது ஒரு பெரியவர் அடுத்த புதன்கிழமை வந்து வரிசையில் நின்றாரா?

அந்த ரான்சம்வேர் கூட்டத்தின் ஈமெயில் முகவரி யாரிடமாவது இருந்தால் தாருங்கள். இனி விண்ணப்பத்தை நேரே அவர்களுக்கே போடலாம். காசு கேட்பார்கள்தான், கேட்கட்டும். பைல் எங்கே என்று தெரியாது என்று மட்டும் சொல்லமாட்டார்கள்.