ஆறு கம்பிக்கு ஒரு விரல்

இலுப்பூரில் ஐம்பதைத் தாண்டியவன் சாயங்காலம் என்ன செய்யலாம் என்று ஊரே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. டீக்கடை, பேப்பர், கோயில், சுகர் வந்தவர்களுக்கு வாக்கிங். அதில் கிட்டார் கிடையாது. என் பெண் காலேஜில் படிக்கும்போது வாங்கியது அது. வேலை கிடைத்துப் பெங்களூர் போகும்போது பீரோ மேல் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அதன் விலை எனக்கு மறக்காததால் கீழே இறக்கினேன். கலை ஆர்வமெல்லாம் அப்புறம் வந்ததுதான்.

திருச்சியில் இன்ஜினியரிங் படிக்கும் எதிர்வீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சொல்லிக்கொடுத்தான். ஈ மைனர், ஜி, சி எல்லாம் ஒருமாதிரி வந்துவிட்டது. "கலக்குறீங்க மாமா" என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அடுத்து பார் கார்டு பார்த்துடலாமா?" என்றான்.

விஷயம் சின்னதுதான். ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து ஆறு கம்பியையும் சேர்த்து அமுக்க வேண்டும்; மற்ற மூன்று விரல்களுக்கு அதே நேரத்தில் தனித்தனி வேலை. முதல் ஃப்ரெட்டில் பிடித்தால் எஃப், பிடியை மாற்றாமல் 3-க்கு நகர்த்தினால் ஜி, 5-க்குப் போனால் ஏ. ஒரே பிடியில் ஆயுசுக்கும் வருமானம். கேட்கும்போது எல்.ஐ.சி. பாலிசி மாதிரிதான் இருந்தது. பிரீமியம் கட்ட வேண்டியது என் விரல்.

அந்த விரலின் சரித்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். வலது கை விரலாவது "ஃபேனைப் போடு", "செருப்பை அங்கே விடாதே" என்று நீட்டி நீட்டிப் பழகியது. இது இடது கை. தேர்தலுக்குத் தேர்தல் பூத்தில் மை வைத்துக்கொண்டு வந்ததைத் தவிர, வாழ்க்கையில் ஒரு துரும்பைத் தள்ளியதில்லை. அதைப் போய் முதல் ஃப்ரெட்டில் நிறுத்தினால்? கம்பி விறைப்பாக நிற்கும் இடமே அதுதான். இரண்டாவது கம்பி நேராக விரல் மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. மீட்டினால் நாதம் வரவில்லை, 'டொக்' என்று வந்தது. நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "மரவேலை நடக்குதா சார்? அந்த ஆசாரி நம்பர் குடுங்களேன்" என்றார்.

பையன் நுணுக்கம் சொன்னான். "ஆறையும் அமுக்காதீங்க மாமா. ஒண்ணு, ரெண்டு, ஆறு, இந்த மூணுதான் இந்த விரல் பொறுப்பு. மிச்சத்தை மத்த விரலுங்க பார்த்துக்கும். விரலைக் கொஞ்சம் பக்கவாட்டில் உருட்டி எலும்பால அமுக்குங்க." உருட்டினேன். எலும்பு இருக்கிறது என்பது மட்டும் ஊர்ஜிதமானது.

ஒருநாள் வண்டியை எடுத்துக்கொண்டு குடுமியான்மலைக்கே போய்விட்டேன். அங்கே பாறையில் 1,200 வருஷத்துக்கும் முந்தைய இசைக் கல்வெட்டு இருக்கிறது. பல்லவ கிரந்த எழுத்தில் 38 வரி, வரி முழுக்க ஸ்வரம். மாணாக்கர் நன்மைக்காக ஒரு ராஜா செய்தது என்று அதிலேயே இருக்கிறது. நானும் மாணாக்கன்தானே என்று உரிமையோடு நின்றேன். எந்த விரலை எங்கே வைப்பது என்று ராஜா தெளிவாகச் சொன்னதாகத் தெரியவில்லை. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கும்பிட்டது வீண்போகவில்லை. சமீபத்தில் ஒரு சாயங்காலம் ஆறு கம்பியும் பேசியது. பதறியடித்து மனைவியைக் கூப்பிட்டேன். கரண்டியோடு வந்து கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பாட்டுல இது ஒண்ணு மட்டும்தான் வருமா?"

அங்கேதான் பிடித்துவிட்டாள். சி-யிலிருந்து எஃப்-க்கு நான் போய்ச் சேருவதற்குள் பாடுகிறவர் சரணத்தை முடித்து வீட்டுக்கே போய்விடுவார். ஆனால் இந்த வீட்டில் எதுவும் வீணாவதில்லை. இப்போதெல்லாம் அவள் குக்கர் விசிலை எண்ணுவதே கிடையாது. நான் சி வாசித்ததும் அடுப்பைப் பற்றவைக்கிறாள். எஃப் கேட்டதும் அணைக்கிறாள். பருப்பு பூப்போல வெந்திருக்கிறது.