ரிங்குக்குக் கீழே யார் நிற்பது?

ரமணாசிரமம் பகுதியிலிருந்து கட்டாக வந்த கடிதங்களைப் பிரித்தால் ஆத்ம விசாரம் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் கூடைப்பந்து! சரி, ஆரம்பிப்போம்.

உடற்கல்வி ஆசிரியர், செங்கம் சாலை: எங்கள் பள்ளியில் ப்ளஸ் ஒன் பையன் ஒருவன் ஆறடி நாலு அங்குலம். ரிங்குக்குக் கீழே நிறுத்தி, பந்தை அவனிடம் தூக்கிக் கொடுப்போம் என்கிறேன். கோச்சிங் முடித்துவிட்டு வந்த இளவட்டங்களோ, "அதெல்லாம் அந்தக் காலம் சார், இப்போ எல்லாம் த்ரீ பாயிண்ட்தான்" என்கிறார்கள். யார் கட்சி சரி?

ஆளுக்குப் பாதி. அந்த உயரத்தை வேண்டாம் என்று சொல்ல எந்தக் கோச்சுக்கும் மனசு வராது. வழக்கொழிந்தது, முதுகை ரிங்குக்குக் காட்டி நின்று, கையைத் தூக்கிப் பந்து கேட்டு, அது வந்ததும் மூன்று முறை தட்டித் தட்டி உள்ளே நகர்கிற ஆட்டம். நம் மாட வீதியில் பெரிய தேர் திரும்புகிற மாதிரி அது: பார்க்கக் கண்கொள்ளாத அழகு, ஆனால் திரும்பி முடிகிற வரை ஊரே நிற்க வேண்டும். கோர்ட்டில் மொத்தக் கையிருப்பே 24 விநாடி. பையனை உள்ளே அனுப்புங்கள், தப்பில்லை. பந்து அவனிடம் போனதும் மற்ற நாலு பேரும் வேடிக்கை பார்க்கிறார்களா, ஓடுகிறார்களா என்பதைப் பாருங்கள். வேடிக்கை பார்த்தால் இளவட்டங்கள் சொல்வது சரி.

கல்லூரி மாணவர், ரமண நகர்: த்ரீ பாயிண்ட்டில் அப்படி என்னதான் மாயம்?

மூன்றாம் வகுப்புப் பெருக்கல்தான். கோட்டுக்கு வெளியே இருந்து நூறு ஷாட் அடித்து 36 விழுந்தால் 108 புள்ளி. பெரிய ஆள் உள்ளே நின்று, தோளால் இடித்து, திரும்பி, நூற்றுக்கு 50 போட்டாலும் 100 புள்ளிதான். அதே ஆள் ஓடி வந்து ரிங்கின் மேலேயே பிடித்துப் போட்டால்? நூற்றுக்கு 65 என்று வையுங்கள், 130! ஆகவே ரிங்குக்கு ஒட்டிய இடம் இன்றும் பொன் விளையும் பூமி. அங்கே எவ்வளவு வேகமாகப் போய்ச் சேர்கிறோம் என்பதுதான் கேள்வி.

இந்தக் கோடு அமெரிக்காவின் என்.பி.ஏ லீக்கில் வந்தது 1979-ல், சர்வதேச ஆட்டத்தில் 1984-ல். வந்தும் பல வருடம் அதை ஊறுகாய் போலத்தான் தொட்டுக்கொண்டார்கள். 2017-18 பருவத்தில் ஹூஸ்டன் அணி இரண்டு புள்ளி ஷாட்டுகளைவிட மூன்று புள்ளி ஷாட்டுகளை அதிகமாக எறிந்தது. அதுவரை எந்த அணியும் செய்யாதது. அதே அணி, இறுதிச் சுற்றுக்குப் போக வேண்டிய கடைசி ஆட்டத்தில், தொடர்ந்து 27 த்ரீக்களைக் கோட்டை விட்டு வீட்டுக்குப் போனது! கணக்கும் சில நாள் காலை வாரும்.

பள்ளி மாணவர், பெரும்பாக்கம் சாலை: உயரமாக வளர என்ன சாப்பிட வேண்டும்?

பிறப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, தம்பி. பஞ்சாபின் ஏழடி ஆட்டக்காரர் சத்னம் சிங்கின் அப்பாவும் ஏழடிக்கு மேல்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், பே கோபுரத் தெரு: ஜார்ஜ் மைக்கன், சேம்பர்லின், ஷாக் என்று ராட்சதர்கள் கொடிகட்டிப் பறந்த ஆட்டம். அவர்களை விரட்டியது த்ரீ பாயிண்ட் மட்டும்தானா?

இல்லை ஐயா, சட்டமும் சேர்ந்துதான். மைக்கன் ரிங்கடியிலேயே குடியிருக்கிறார் என்று 1951-ல் ரிங்குக்கு முன்னால் வரைந்த கட்டமான 'கீ'யின் அகலத்தை ஆறடியிலிருந்து பன்னிரண்டு அடியாக்கினார்கள். சேம்பர்லின் வந்தார், 1964-ல் அது பதினாறு அடியானது. ஆனால் பெரிய ஆளின் வயிற்றில் நிஜமாக அடித்தது 2001-ல் வந்த மாற்றம். அதுவரை என்.பி.ஏ-வில் 'ஸோன்' தடுப்பு கூடாது. அவரவர் ஆளை அவரவர் காக்க வேண்டும். எனவே உள்ளே நிற்கும் சென்டருக்கு ஒற்றைக்கு ஒற்றை சண்டை நிச்சயம். ஸோன் ஆடலாம் என்றானதும், பின்னால் ஒருவர் முட்டுக் கொடுக்க, முன்னால் இன்னொருவர் வந்து பாஸையே மறித்தார். பந்தை உள்ளே சேர்ப்பதற்குள் பாதி நேரம் போயிற்று.

ஷாக்கை அதுவும் ஒன்றும் செய்யவில்லை என்பது வேறு விஷயம். 2000, 2001 கோப்பைகளோடு, சட்டம் மாறிய பின் 2002-லும் வாங்கிக்கொண்டார். எல்லா வீட்டிலும் ஷாக் பிறப்பதில்லையே!

தனியார் பேருந்து நடத்துநர், செங்கம் சாலை: சத்னம் சிங் அமெரிக்கா போய் ஏன் ஜொலிக்கவில்லை? அவரது உயரத்துக்கு என்ன குறை?

உயரத்தில் ஒரு குறையும் இல்லை: ஏழடி இரண்டு அங்குலம். பஞ்சாபில் பல்லோ கே என்ற சிற்றூர், விவசாயக் குடும்பம். லூதியானா அகாடமியில் அவரைச் செதுக்கிய பயிற்சியாளரின் பெயர் சங்கரன் சுப்பிரமணியன். பதினாலு வயதில் ஃப்ளோரிடாவின் ஐ.எம்.ஜி அகாடமி. 2015 ஜூனில், அணிகள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் என்.பி.ஏ டிராஃப்ட்டில், 52-வது ஆளாக டல்லஸ் மேவரிக்ஸ் அவரை எடுத்தது. இந்தியாவில் பிறந்து டிராஃப்ட் ஆன முதல் ஆள். அதன்பின் டல்லஸின் துணை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸில் இரண்டு பருவம், பெரும்பாலும் பெஞ்ச். என்.பி.ஏ ஆட்டத்தில் ஒரு நிமிடம்கூட இறங்கவில்லை.

அதே இரவில் எடுக்கப்பட்ட மற்ற உயரமானவர்களைப் பாருங்கள், கதை விளங்கும். முதலாவது ஆள் கார்ல் ஆன்டனி டவுன்ஸ். மூன்றாவது ஜலீல் ஓகாஃபர். நான்காவது போர்சிங்கிஸ். ஓகாஃபர் பழைய பள்ளிக்கூடத்தின் நல்ல மாணவர்: முதுகைக் காட்டி நின்று ஆடுவதில் கைதேர்ந்தவர், முதல் வருடமே ஆட்டத்துக்குச் சராசரியாக 17.5 புள்ளி. ஆனாலும் 2017 டிசம்பரில் ஃபிலடெல்பியா அவரை வேறு அணிக்குத் தள்ளிவிட்டது. அப்புறம் அணி மேல் அணி. டவுன்ஸும் போர்சிங்கிஸும் வெளியே வந்து த்ரீ அடிப்பவர்கள், நிலைத்தார்கள். டவுன்ஸ் 2022-ல் த்ரீ பாயிண்ட் போட்டியையே ஜெயித்தார், ஒரு சென்டர்! மூன்றாவதாகப் போனவருக்கே கதி அது என்றால் 52-வது ஆளுக்கு யார் பொறுமை காட்டுவார்கள்?

சத்னம் மேல் மட்டும் பழி போடுவதும் நியாயமில்லை. கல்லூரி ஆட்டமோ தொழில்முறை ஆட்டமோ ஒன்றும் ஆடாமல் அகாடமியிலிருந்து நேராக டிராஃப்ட்டுக்குப் போனவர். வெளியே ஓடி வரும் கார்டைத் துரத்திவிட்டு மறுபடி ரிங்குக்குத் திரும்பும் கால்கள் அந்தப் பெரிய உடம்புக்கு வாய்க்கவில்லை. இப்போது அமெரிக்க மல்யுத்த மேடையில் இருக்கிறார். அங்கேயும் மூன்று எண்ணுகிறார்கள், வேறு காரணத்துக்கு.

பக்தர், சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமம் பக்கத்துத் தெரு: ஆசிரமத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு விளையாட்டு விசாரமா?

பகவான் ரமணரே மதுரையில் பள்ளிப் பிள்ளையாக இருந்தபோது கால்பந்தும் மல்யுத்தமும் ஆடியவர் என்று வாழ்க்கை வரலாறு சொல்கிறது. தவிர, இன்றைய தேதியில் "நான் யார்?" என்று இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் என்.பி.ஏ சென்டர்கள்தான்.

முன்னாள் ரயில்வே ஆட்டக்காரர், ஆடையூர்: அமெரிக்கக் கதையை நம் மண் கோர்ட்டில் ஒட்டலாமா? நம் ஊரில் உயரமானவன்தானே ராஜா?

அருமையான கேள்வி. இளவட்டங்கள் பலர் தடுமாறுவதும் இங்கேதான். நாம் ஆடுவது சர்வதேச விதி. என்.பி.ஏ-வில் தடுக்கிற ஆள், யாரையும் காக்காமல் கீக்குள் மூன்று விநாடிக்கு மேல் சும்மா நிற்கக் கூடாது. நம் விதியில் அந்தத் தடை இல்லை. எதிரணியின் நெடியவர் ரிங்கடியில் பாயை விரித்துப் படுத்தாலும் நடுவர் விசில் ஊத முடியாது. அங்கே உங்கள் பெரிய ஆளையும் அனுப்பினால் இருவரும் தோள் உரசி நிற்பார்கள்; உங்கள் கார்டு உள்ளே புக வழியிருக்காது. எதிரியின் நெடியவரை வெளியே இழுக்க, வெளியே இருந்து போடத் தெரிந்தவர் ஒருவராவது வேண்டும். நமக்கு அந்தக் கோடும் கிட்டே: 6.75 மீட்டர். அமெரிக்காவில் உச்சியில் 7.24.

ஆனால் உயரத்துக்கு நம் விதி ஒரு சலுகையும் தருகிறது. பந்து ரிங்கில் பட்டுவிட்டால், அது வளையத்துக்கு மேலேயே உருண்டாலும் யார் வேண்டுமானாலும் தட்டலாம். என்.பி.ஏ-வில் அது குற்றம். நீண்ட கை உள்ளவருக்கு இது கொள்ளை லாபம், ஆட்டம் ஒன்றும் வரையாமலே நாலைந்து கூடை.

உயரத்தால் ஜெயித்த கதையும் உண்டு. 2014 ஜூலையில் வூஹானில், சீனாவை அவர்கள் மண்ணிலேயே 65-58 என்று இந்தியா வீழ்த்தியது, சரித்திரத்தில் முதல் தடவை. ஆறடி பதினோரு அங்குல அம்ரித்பால் சிங் உள்ளே. அவரோடு வெளியிலிருந்தும் போடத் தெரிந்த அம்ஜியோத் சிங். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் என்பதைக் கவனியுங்கள். 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த தேசிய சீனியர் இறுதியாட்டத்தில் பஞ்சாபையே தமிழ்நாட்டு ஆண்கள் கவிழ்த்தார்கள். உயரத்தில் பஞ்சாபோடு நாம் போட்டி போட முடியுமா? ஓட்டத்தில் போடலாம்.

ஆசிரமத்துக்கு வந்து தங்கியிருக்கும் செர்பிய நாட்டவர் (தமிழில் எழுதி அனுப்பியவர் வீட்டுக்காரர்): எங்கள் நிகோலா யோகிச்சைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையா?

வருகிறேன், வருகிறேன்! பெயரிலேயே யோகி இருப்பவரை இந்த ஊர் விடுமா? 2014 டிராஃப்ட்டில் 41-வது ஆள். அவர் பெயரை அறிவித்த நேரத்தில் தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி வந்தவர் 2021, 2022, 2024 என்று மூன்று முறை என்.பி.ஏ-வின் சிறந்த ஆட்டக்காரர், 2023-ல் டென்வருக்குக் கோப்பை. குதிக்க மாட்டார், வேகமாக ஓடவும் மாட்டார். முதுகைக் காட்டி நிற்கிற பழைய வித்தையும் அவரிடம் உண்டு. பந்து கைக்கு வந்ததும் ரிங்கைப் பார்க்கும் முன் நாலு பக்கமும் ஓடுகிற நாலு பேரையும் பார்க்கிறார், அங்கேதான் வித்தியாசம். இரண்டு பேர் அவரை மறித்தால் மூன்றாவது ஆளுக்குப் பந்து போய்ச் சேர்ந்திருக்கும். இருபது வருடம் சென்டர்களுக்கு ஹூக் ஷாட் கற்றுக்கொடுத்த நேரத்தில் பாதியைப் பாஸுக்குக் கொடுத்திருந்தால், பெரிய ஆள் செத்துவிட்டார் என்ற பேச்சே எழுந்திருக்காது என்பது என் கட்சி.

டீக்கடைக்காரர், கிரிவலப் பாதை: குள்ளர்களை வைத்தே ஜெயிக்கலாம் என்கிறார்களே?

ஆறடி ஆறு அங்குல டிரேமண்ட் கிரீனைச் சென்டராக்கி 2015-ல் கோல்டன் ஸ்டேட் கோப்பை வாங்கியதைச் சொல்கிறீர்கள். அவரைக் 'குள்ளம்' என்று கூப்பிடுகிற ஒரே தொழில் இது! அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டது ஹூஸ்டன். 2020-ல் இருந்த ஒரே நல்ல சென்டரையும் அனுப்பிவிட்டு, ஆறடி ஐந்து அங்குல டக்கரை நடுவில் நிறுத்தியது. லேக்கர்ஸ் 4-1 என்று அனுப்பி வைத்தது. அந்தத் தொடரில் லேக்கர்ஸும் தன் பழைய பாணி சென்டர்களைப் பெரும்பாலும் உட்கார வைத்துவிட்டு, ஆறடி பத்து அங்குல ஆன்டனி டேவிஸை நடுவில் ஆட வைத்தது. உயரமும் வேண்டும், ஓட்டமும் வேண்டும். பேராசைதான், என்ன செய்ய!

பி.எட். மாணவி, ரமண நகர்: வெளியிலிருந்து போட வராத நெடியவர் என்ன செய்வது?

ரூடி கோபேரைப் பாருங்கள். த்ரீயா, கிலோ என்ன விலை என்பவர். நாலு முறை என்.பி.ஏ-வின் சிறந்த தடுப்பாளர். தாக்குதலிலும் உதவாதவர் இல்லை: கார்டுக்காகச் சுவர் போல ஸ்கிரீன் வைப்பார், வைத்த கையோடு ரிங்குக்கு உருள்வார், பந்து வராவிட்டாலும் இரண்டு ஆட்களைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போவார். அந்த இடைவெளியில் யாரோ ஒருவர் நிம்மதியாகப் போடுவார்; ஸ்கோர் புத்தகத்தில் அவர் பெயர் ஏறும். கற்க மனமிருந்தால் புரூக் லோபஸ் இருக்கிறார். முதல் எட்டு வருடத்தில் மொத்தம் மூன்றே மூன்று த்ரீ. ஒன்பதாவது வருடம், 28 வயதில், 134!

ஓர் அம்மா, ரமணாசிரமம் அஞ்சல்: பத்தாவது படிக்கும் என் மகள் ஐந்தடி பத்து. இப்போதே சென்டர் என்று முத்திரை குத்திவிட்டார்கள். சரியா?

அவசரம். தெற்கு ரயில்வேயில் இருந்துகொண்டு இந்தியாவுக்கு ஆடி, 2011-ல் அமெரிக்கப் பெண்கள் லீக்கின் தேர்வு முகாம்கள் வரை போன கீது அன்னா ஜோஸ் ஆறடி இரண்டு அங்குலம். சர்வதேச அளவில் சென்டர் என்றால் அங்கேயிருந்துதான் தொடக்கம். உங்கள் மகள் வளர்வது இதோடு நின்றால், நாளை அவள் இடம் வெளியேதான். டிரிபிளும் பாஸும் இப்போது பழகாவிட்டால் அப்புறம் திண்டாட்டம். இன்னும் வளர்ந்தாலும் நஷ்டமில்லை: மேலே சொன்ன ஆன்டனி டேவிஸ் பள்ளியில் கார்டாக ஆடிக்கொண்டிருந்தபோதுதான் திடீரென்று வளர்ந்தார், கார்டின் கைகள் அப்படியே தங்கிவிட்டன. ஆகவே வாரத்தில் இரண்டு நாளாவது அவளைப் பந்தைத் தட்டிக்கொண்டு மேலே வரச் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று: "வளர்ற பிள்ளை" என்று ஷூவை இரண்டு சைஸ் பெரிதாக வாங்கிவிடாதீர்கள், கணுக்கால் மடங்கும்.